லாரிக்காரிக்கு ஒரு சுரங்கம்

அர்வோவுக்குப் பேச்சு போய்விட்டது என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கேட்பவர்களுக்குக் கொடுமையாகத் தோன்றும், தோன்றட்டும். கனடாவில் தண்டர் பே என்ற ஊரில் இருக்கிற எங்கள் அலுவலகத்தில் வாயை மூடத் தெரியாத ஒரே ஆள் அவன். தலைவலி மாத்திரை கேட்டால் அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவனின் கதையையும் சேர்த்துக் கொடுப்பான். அவனாவது பேசாமல் இருப்பதாவது என்றுதான் நினைத்தேன். மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்த பிறகு சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மூளையின் இடது பக்கத்தில் ரத்தம் அடைத்துக்கொண்டதாம். வலது கை, வலது கால், பேச்சு எல்லாம் ஒரே காலையில் போய்விட்டன. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "நாளைக்கு." பசிக்கிறதா என்றாலும் நாளைக்கு, வலிக்கிறதா என்றாலும் நாளைக்கு. தான் சொல்ல நினைத்தது அது இல்லை என்று அவனுக்கே தெரிந்தது. சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவான்.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வடக்கே காட்டுக்குள் சிதறிக் கிடக்கிற மர ஆலைகள், பல் மருத்துவர்கள், சின்ன ஊர்களின் நகர அலுவலகங்கள், இவர்களுடைய கணினிகளை எல்லாம் இங்கே உட்கார்ந்தபடியே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஓர் ஆலையின் திரை என் மேஜையில் தெரியும். இங்கே மவுஸை அசைத்தால் அங்கே திரையில் அம்பு அசையும். ரிமோட் டெஸ்க்டாப் என்று பெயர். அதை அப்படியே இணையத்தில் திறந்துவிட்டால் உலகத்தில் உள்ள அத்தனை திருடனும் வந்து கதவைத் தட்டுவான். அதனால் சுரங்கம். இங்கே ஒரு முனை, அங்கே ஒரு முனை, நடுவில் போவதெல்லாம் பூட்டிய ரகசியம். நடுவழியில் எவன் காதை வைத்தாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும். என் வேலை போனை எடுப்பது, திட்டு வாங்குவது, திருப்பித் திட்டாமல் இருக்கப் பார்ப்பது. சுரங்கம் தோண்டுவது அர்வோ.

அதில் அவன் பிடிவாதம் ஊரறிந்தது. ஒரு கால்நடை மருத்துவர் சுரங்கம் மெதுவாக இருக்கிறது என்று யாரையோ பிடித்து நேர்வழி திறந்து வைத்துக்கொண்டார். அர்வோ போனை என் கையிலிருந்து பிடுங்கினான். "டாக்டர், உங்க படுக்கையறைக் கதவைக் கழட்டிட்டுப் போய் ஹைவே ஓரமா நட்டு வச்சிருக்கீங்க. பூட்டு நல்ல பூட்டுதான். ஆனா வர்றவன் போறவன் எல்லாம் உங்களைப் பாத்துக்கிட்டே பூட்டை ஆட்டுவான், பரவாயில்லையா?" என்று கேட்டான். மருத்துவர் எங்களை விட்டு விலகிவிட்டார். முதலாளி அர்வோவை ஒரு வாரம் முறைத்தார்.

இன்னொரு பழக்கமும் அவன் ஏற்படுத்தியதுதான். தூரத்துக் கணினிக்கு ஒரு காவல் சுவர் உண்டு. யாரை விடலாம், யாரை விடக்கூடாது என்ற விதிகள் அதில்தான் இருக்கும். நாங்கள் போகிற சுரங்கமும் அந்தச் சுவர் வழியாகத்தான் போகிறது. ஆக, சுரங்கத்துக்குள் நின்றுகொண்டே சுவரைத் திருத்தும்போது ஒரு விதி பிசகினாலும் நம் வழியை நாமே அடைத்துக்கொள்வோம். பிறகு பனியில் வண்டியை ஓட்டிக்கொண்டு நேரில் போக வேண்டியதுதான். அதனால் முதல் வரியாக, கால் மணி நேரத்தில் நீயே அணைந்து எழுந்துகொள் என்று அந்தக் கணினிக்கு உத்தரவு கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கடிகாரம் வைப்பது என்று எங்களிடையே பெயர். திருத்தம் பிசகினால், கணினி எழும்போது பழைய சுவரோடு எழும், வழி திறந்துவிடும். திருத்தம் சரியாக வந்தால் கடிகாரத்தை ரத்து செய்துவிடலாம். சுவரைத் தொடும் முன் கடிகாரம் வை என்று அர்வோ எல்லோரிடமும் கத்திக் கத்தி, அவனிடம் தொழில் கற்ற ரென்ஸோ மாதிரிப் பையன்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. பையன் என்கிறேன், அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது கிளெண்டா. அர்வோவின் மனைவி. பெரிய லாரி ஓட்டுகிறவள், வினிபெக்குக்கும் டொரான்டோவுக்கும் மாறி மாறி. இரண்டு பேருக்கும் நாற்பது தாண்டித்தான் கல்யாணம். அவள் வாரத்தில் பாதி நாள் வழியில் இருப்பாள், இவனுக்கோ பேச ஆள் இல்லாமல் நாக்கு அரிக்கும். போனில் பேசினால் ஓட்டும்போது கவனம் கெடும் என்று அவள் திட்டினாள். அதனால் அவன் தினமும் நிலவறையில், சூடேற்றும் அடுப்புக்குப் பக்கத்தில் தன் கணினி முன்னால் உட்கார்ந்து, அவளுக்காகப் பேசிப் பதிவு செய்து வைப்பான். நாய் என்ன செய்தது, பனி தள்ளுகிறவன் எப்படி வாசலை மறித்துவிட்டுப் போனான், ஏரியில் பனி எவ்வளவு கனத்தில் உறைந்திருக்கிறது, எல்லாம். அவள் ராத்தங்கும் இடத்தில் லாரியை நிறுத்தி, படுக்கையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, சுரங்கம் வழியாக வீட்டுக் கணினிக்குள் நுழைந்து அதைக் கேட்பாள்.

அதையும் நகல் எடுக்க விடமாட்டான் பாவி. திரை வரும், ஒலி வரும், ஒரு கோப்பும் வெளியே வராது. லாரியில் மடிக்கணினி திருடு போனால் என் குறட்டைச் சத்தம் வரைக்கும் ஊருக்குக் கேட்கும் என்பான். போனில்கூட எந்தக் கம்பெனியின் வாய்ஸ்மெயிலிலும் குரலை விட்டுவைக்க மாட்டான். அவள் வீட்டில் இருக்கும்போதும் அதே சட்டம்தான். சமையலறையில் உட்கார்ந்தபடி, காலுக்குக் கீழே இருக்கிற கணினிக்கு ஊரைச் சுற்றிச் சுரங்கம் வழியாகப் போவாள். நேரில் போய் அதன் முன்னால் உட்கார்ந்தால் அது அவனுக்கு மட்டும்தான் திறக்கும். அவளுடைய சாவி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தானாகச் செத்துவிடும். அவன் புதிதாகச் செய்து கொடுப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் என்னை நம்பவில்லை பார் என்று கிளெண்டா அலுவலக விருந்துகளில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கணினியின் வட்டு முழுக்கப் பூட்டியது. ஓடிக்கொண்டிருக்கும் வரை திறந்திருக்கும். ஒரு முறை அணைந்தால், எழும்போது ஒரு நீளமான ரகசிய வாக்கியத்தைக் கேட்கும். அது அர்வோவுக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் தொழிலில் எல்லோரும் கேட்கிற கேள்வியை நானும் ஒரு நாள் கேட்டேன், உன்னை பஸ் அடித்துவிட்டால் என்ன செய்வது என்று.

"இந்த ஊர்ல பஸ் எங்கம்மா நேரத்துக்கு வருது, என்னை அடிக்க?" என்றான். பிறகு கையை விரித்துக் காட்டினான். "சத்தியமா எனக்கே தெரியாது லியோனா. வாயால சொல்லச் சொன்னா திணறிடுவேன். அது விரலுக்குத்தான் தெரியும். விசைப்பலகைல கையை வச்சா அதுவா ஓடிடும்."

அதனால் அந்த வீட்டில் மின்சாரம் போகக்கூடாது. மின்கலம் ஒன்று வைத்திருந்தான், கொட்டகையில் ஜெனரேட்டர் ஒன்று. புயல் அடித்து மின்சாரம் போனால் கிளெண்டா ஓடிப்போய் அதைக் கிளப்ப வேண்டும். அவனுக்கு அடுத்த கவலை அதன் பிறகுதான்.

அவன் விழுந்த பிறகு கிளெண்டா லாரி ஓட்டப் போகவில்லை. பகலெல்லாம் அவனோடு பராமரிப்பு இல்லத்தில் இருப்பாள். வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் உட்கார்ந்து பழைய பதிவுகளைக் கேட்பாள். பேச்சு திரும்பாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அப்போதே ஒரு போனைப் பக்கத்தில் வைத்து அந்தக் குரலைப் பிடித்திருக்கலாமே என்று இப்போது யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதுதான் வீட்டிலேயே இருக்கிறதே என்று இருந்துவிட்டோம்.

நவம்பரில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போன் வந்தது.

"லியோனா, சாவி செத்துப்போச்சு" என்றாள் கிளெண்டா. பயப்படாதே, ரென்ஸோவிடம் சொல்கிறேன் என்றேன்.

ரென்ஸோவுக்கு ஒரு வழி இருந்தது. ஏதாவது ஆபத்தென்றால் உதவும் என்று அர்வோ அவனுக்கு ஒரு சந்து விட்டு வைத்திருந்தான். எங்கள் அலுவலகத்திலிருந்து மட்டும் திறக்கும், சுவரையும் சாவிகளையும் தொடலாம், கடிகாரம் வைக்கலாம், அவ்வளவுதான். அதன் வழியாகப் போய், புதுச் சாவி ஒன்று செய்து, சுவரின் விதியைத் திருத்தினால் கிளெண்டா உள்ளே போகலாம். உள்ளே போன பிறகு, நகல் எடுக்கக்கூடாது என்ற தடையையும் மெல்லக் கழற்றி, எல்லாப் பதிவுகளையும் ஒரு வட்டில் இறக்கிக்கொள்ளலாம் என்று ரென்ஸோ சொன்னான். அர்வோவுக்குத் துரோகம் பண்ணுகிற மாதிரி இருக்கிறது என்று கிளெண்டா தயங்கினாள். அவன் பண்ணினதுக்கு இது தேவலை என்று நான்தான் அதட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர் மட்டும். கிளெண்டா மடிக்கணினியோடு வந்தாள், தலை வாரியிருந்தாள், உதட்டுக்குச் சாயம்கூடப் போட்டிருந்தாள். ரென்ஸோ வரும் வழியில் பெர்ஷியன் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தான், அந்த இளஞ்சிவப்புப் பழப்பாகு பூசின பன்கள் என்றால் அர்வோ உயிரை விடுவான். யாரும் தொடவில்லை.

உட்காரும் முன்பே ரென்ஸோ எங்களிடம் சொன்னான். "இன்னிக்குக் கடிகாரம் வைக்கக்கூடாது. அது எழுந்தா வாக்கியம் கேக்கும், நம்ம கதை முடிஞ்சுது. கடிகாரம் இல்லாமத்தான் பண்ணணும். அதனால மெதுவாப் பண்றேன், யாரும் பேசாதீங்க."

சொன்னான். என் காதால் கேட்டேன். கிளெண்டாவும் தலையாட்டினாள்.

நாங்கள் பேசவில்லை. ரென்ஸோ விரல்களைச் சொடுக்கிவிட்டுத் தட்ட ஆரம்பித்தான். ஒவ்வொரு விதியையும் வாய்க்குள் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினான். நெற்றியில் வேர்வை. வெளியே குளிர் பூஜ்யத்துக்குப் பதினைந்து கீழே, இவனுக்கு வேர்வை. கடைசியில் நாற்காலியில் சாய்ந்து, "போய்ப் பாரு கிளெண்டா" என்றான்.

அவள் புதுச் சாவியைப் போட்டாள். திரை ஒரு நிமிஷம் கறுப்பாக இருந்தது. பிறகு அவர்கள் வீட்டுக் கணினியின் முகப்பு வந்தது, ஏரியில் பனிக்கட்டி மேல் பட்டன் என்கிற அவர்கள் நாய் உட்கார்ந்திருக்கும் படம். கிளெண்டா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ரென்ஸோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். அவன் வலிக்கிறது என்று கத்திக்கொண்டே சிரித்தான்.

முதலில் நகலை எடுத்துவிடலாம் என்றான் ரென்ஸோ. கிளெண்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன்டா. ஒண்ணே ஒண்ணு." யாருக்கு மறுக்க மனம் வரும்? கேள், கேள், இனி எங்கேயும் ஓடாது என்று நானே சொன்னேன்.

அவள் தேடி எடுத்தது நீளமான ஒன்று, அவளுக்கு மனப்பாடமானது. தட்டினாள். இருமல் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு அவன்.

"ஏ லாரிக்காரி, எங்க இருக்க? நிப்பிகன் பாலம் தாண்டிட்டியா? தாண்டலைன்னா இதை இப்பக் கேக்காத, ரோட்டைப் பாரு..."

மூன்று மாதமாக 'நாளைக்கு' மட்டும் சொல்லிக்கொண்டிருந்த வாய். எவ்வளவு வேகம், எவ்வளவு கிண்டல்! பனி தள்ளுகிறவனைத் திட்டினான். அவனுடைய அப்பாவையும் சேர்த்துத் திட்டினான். பன்றி விலை ஏறின கதை, பக்கத்து வீட்டுக்காரன் ஏரிக்கரையில் அடுப்பு மூட்டி நீராவிக் குளியல் எடுக்கிற தன் கொட்டகையை எரித்துக்கொண்ட கதை. கிளெண்டா அவனோடு சேர்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள், அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். ரென்ஸோ எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் ஒரு பெர்ஷியனை எடுத்துக் கையில் வைத்திருந்தேன், கடிக்கவில்லை, பாகு விரலெல்லாம் ஒட்டியது. அவன் பேசிக்கொண்டே இருந்தான். நேரம் போனது யாருக்கும் தெரியவில்லை.

"...இந்த நாய் இருக்கே, உன் நாய், என்னோடது இல்ல, நேத்து என் செருப்புல ஒண்ணைக் காணோம். வீடு முழுக்கத் தேடிட்டேன். கடைசில பாத்தா அதை எங்க கொண்டு"

நின்றுவிட்டது.

கிளெண்டாவின் உதடு மட்டும் இன்னும் இரண்டு சொல் அசைந்தது. திரை கறுத்துப்போயிருந்தது. இணைப்பு போய்விட்டதா என்று அவள் நிதானமாகத்தான் கேட்டாள், லாரியில் இதெல்லாம் அவளுக்குப் பழக்கம். ரென்ஸோ ஜன்னலிலிருந்து திரும்பி நடந்து வந்தான். தன் திரையைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

நானும் எட்டிப் பார்த்தேன். கணினி அணைந்து எழப்போகிறது என்ற எச்சரிக்கை வரிவரியாக வந்து முடிந்திருந்தது. நாங்கள் மூன்று பேரும் செருப்புக் கதை கேட்டுக்கொண்டிருந்தபோது அது இங்கே கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மேலே உருட்டினேன். அவன் தட்டின முதல் வரி. கால் மணி நேரம். கடிகாரம்.

"நான் வைக்கலையே" என்றான் ரென்ஸோ. "வைக்கக்கூடாதுன்னு சொன்னேனே. நான்தானே சொன்னேன்."

தன் கையைப் பார்த்துக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை. விதிகளை எல்லாம் அவன் தலை தட்டியது. முதல் வரியை மட்டும் கை தட்டிவிட்டது, எத்தனையோ வருஷமாகத் தட்டுகிற மாதிரி. அர்வோ கத்திக் கத்தி அந்தக் கைக்குள் ஏற்றிவிட்டுப் போனது. எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை.

கிளெண்டாவுக்கு நான்தான் சொன்னேன். அவள் கத்தியிருந்தால் தேவலை. மடிக்கணினியை மூடி, உறைக்குள் போட்டு, "வீட்டுக்குப் போய்ப் பாக்கலாம்" என்றாள், யாரோ கதவைப் பூட்டாமல் வந்துவிட்ட மாதிரி.

போனோம். நிலவறையில் அடுப்பு உறுமிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரி வெள்ளை எழுத்து, அதன் பக்கத்தில் மின்னி மின்னி அணையும் ஒரு கோடு. ரகசிய வாக்கியத்தை எழுதவும் என்று இருந்தது. பட்டன் வந்து அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டது. ரென்ஸோ படிக்கட்டில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான், நிஜமாகவே அடித்துக்கொண்டான். கிளெண்டா போய் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செருப்பை எங்க குளியல் கொட்டகைல ஒளிச்சு வச்சிருந்துது" என்றாள். "அடுப்புக்குப் பின்னால. அதுக்கப்புறம் அவன் ஏதோ சொல்வான், நான் எப்பவும் சிரிப்பேன். என்ன சொல்வான்? இப்பக் கேட்டுட்டு இருந்தேனே. ஞாபகம் வரலையே லியோனா."

எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டியைக் காலால் எட்டி உதைக்கலாம் போல இருந்தது. அப்போதுதான் மேஜையில் இருந்த அவனுடைய விசைப்பலகை கண்ணில் பட்டது. கனமானது, தட்டினால் டக்டக்கென்று சத்தம் போடும் பழைய ரகம், எழுத்தெல்லாம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. விரலுக்குத்தான் தெரியும் என்று அவன் சொன்னது நினைவுக்கு வந்தது. வாய் போனால் என்ன, தலை மறந்தால் என்ன? என் மூளை எனக்கே பிடித்துப்போன ஒரே தருணம் அதுதான். ரென்ஸோவிடம் சொன்னதும் அவன் கம்பியைப் பிடுங்கி விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொண்டான்.

பராமரிப்பு இல்லத்தில் அர்வோ ஜன்னலோர நாற்காலியில் இருந்தான், மடியில் போர்வை. கிளெண்டாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "நாளைக்கு" என்றான். நாங்கள் அவன் முன்னால் சின்ன மேஜையை இழுத்துப்போட்டு, விசைப்பலகையை வைத்து, மடிக்கணினியில் செருகினோம். நடந்ததைக் கிளெண்டா ஒளிக்காமல் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். ரென்ஸோவை நிமிர்ந்து பார்த்தான், வெகுநேரம். ரென்ஸோ தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அர்வோவின் இடது கை எழுந்து அவன் சட்டை ஓரத்தைப் பிடித்து லேசாக ஆட்டியது.

அப்புறம் அந்தக் கை விசைப்பலகையைத் தொட்டது. தொட்டதும் விரல்கள் தாமாகவே இடம் பார்த்து உட்கார்ந்தன. அவன் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

டக் டக் டக் டக்.

நான்கைந்து எழுத்து, மழை மாதிரி. ரென்ஸோ என் தோளை நசுக்கினான். இடது கை நின்றது. விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே காத்திருந்தன.

எதற்காகக் காத்திருக்கிறது என்று எங்களுக்கு உடனே புரியவில்லை. அவன் தலை மெல்ல வலது பக்கம் குனிந்தது. போர்வைக்குள் கிடக்கிற வலது கையைப் பார்த்தான். அதன் முறை. அது வந்து தன் பங்கைத் தட்டினால்தான் இதற்கு அடுத்தது தெரியும். அது வரவில்லை. இடது கை பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டு எழுத்துத் தட்டியது, மறுபடி நின்றது. அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை வேறு எழுத்துகள் வந்தன. மூன்றாம் தடவை விரல்கள் தடுமாறின.

கிளெண்டா போர்வையை விலக்கி அவன் வலது கையை எடுத்தாள். குழந்தையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி, விரல் ஒவ்வொன்றாகப் பிரித்து, வலது பக்கத்து எழுத்துகளின் மேல் வைத்தாள். "இந்தா, வச்சுட்டேன் பாரு. இப்பத் தட்டு. அர்வோ, கண்ணு, ஒரே ஒரு தடவை தட்டேன்."

கை தன் கனத்தில் அழுந்தியது. திரையில் ஒரே எழுத்து ஓட ஆரம்பித்தது. ஒரு வரி நிறைந்தது, அடுத்த வரி, அதற்கடுத்த வரி, நிற்காமல் ஒரே எழுத்து. யாருக்கும் அந்தக் கையை எடுக்கத் தோன்றவில்லை. அர்வோ அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கன்னத்தில் கண்ணீர் ஓடியது, சரியாக இருக்கும் பக்கம் மட்டும் முகம் கோணியது. பிறகு இடது கையால் வலது கையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, விசைப்பலகையைக் கிளெண்டாவின் பக்கம் தள்ளினான்.

"நாளைக்கு" என்றான்.

"சரி" என்றாள் கிளெண்டா. "நாளைக்கு."

நடைவழியில் ரென்ஸோ, கிடைத்த எழுத்துகளை வைத்துக் கணினியையே ஊகிக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தான். இடைவெளியில் வலது கை எத்தனை எழுத்துத் தட்டும் என்று தெரியாது, வந்த எழுத்துகளும் தடவைக்குத் தடவை வேறு. மனதுக்குள் கணக்குப் போட்டான். பாதியில் நிறுத்திவிட்டான். நம் ஆயுசுக்குள் நடக்காது என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கிளெண்டா கேட்கவுமில்லை.

வெளியே வந்தபோது பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. வாகன நிறுத்தத்தின் விளக்கு ஒரு முறை கண் சிமிட்டி மறுபடி எரிந்தது. கிளெண்டா அதை அண்ணாந்து பார்த்தாள். முகத்தில் ஒரு பதற்றம், எனக்கு நன்றாகத் தெரிந்த பதற்றம்.

"நான் கிளம்பறேன், கரண்ட் போயிடும் போல" என்றாள். "ஜெனரேட்டர்ல பெட்ரோல் இருக்கான்னு பாக்கல."

ரென்ஸோ என்னைப் பார்த்தான். அந்தப் பெட்டி இனி அணைந்தால் என்ன, எரிந்தால் என்ன, இழக்க அதில் எதுவும் பாக்கி இல்லை. இதைச் சொல்ல வேண்டியவள் நான்தான். எல்லோரிடமும் எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று பேர் எடுத்திருக்கிறேன்.

"கிளெண்டா" என்றேன்.

"தெரியும்" என்றாள் அவள். வண்டியின் கண்ணாடியில் இருந்த பனியைக் கையாலேயே வழித்துத் தள்ளினாள். "தெரியும் லியோனா. வழி விடு."

நான் வழி விட்டேன். விசைப்பலகையைப் பக்கத்து இருக்கையில் வைத்து, அதற்கும் சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு, அவள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.